தடைக்காலத்து அத்தி

எங்கள் தோட்டத்து வெள்ளை அத்தியில், காம்பு முறிந்த இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. பனித்துளியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தொட்டேன். ஒட்டியது. பால் இன்னும் உறையவில்லை. சற்று முன்புதான் யாரோ பழம் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கிளைகளை விலக்கிப் பார்த்தேன். ஒரு இடம் அல்ல. நன்றாக முற்றிக் கழுத்துத் தொங்கிய பழங்களாகப் பார்த்துத் தேர்ந்து பறித்திருந்தார்கள். சில காம்புகளில் பால் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அவை முந்தைய நாட்களில் பறித்தவை. கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தேன். தூக்கி எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

எங்கள் மலையூரான ஐத் இஃப்ரானில் கோடைக் காய்கறிக்குத் தடை கிடையாது. தக்காளி, கத்தரி, வெள்ளரி, சுரைக்காய், மிளகாய் எல்லாவற்றையும் அவரவர் வீட்டுப் பெண்கள் தினமும் விடியலில் பறித்து வருவார்கள். தடை அத்திக்கு மட்டும். ஊர்ச் சபை நாள் குறித்து, சதுக்கத்தில் ஆள் நின்று "திறந்தாச்சு" என்று குரல் கொடுக்கும்வரை, சொந்த மரமானாலும் ஒரு பழத்தில் கை வைக்கக் கூடாது. பள்ளத்து மரம் முன்னால் பழுக்கும், மேட்டு மரம் பின்னால் பழுக்கும். ஆளுக்கொரு நாள் பறிக்க ஆரம்பித்தால் யார் கூடையில் யார் பழம் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டே மரம் வைத்திருக்கும் விதவையின் பழமும், மலைச்சரிவு முழுக்க மரம் வைத்திருப்பவன் பழமும் ஒரே காலையில் இறங்க வேண்டும். அதுதான் சட்டம்.

அதில் ஒரு விலக்கு உண்டு. மசக்கைக்காரி ஆசைப்பட்டாலோ, படுக்கையில் கிடக்கும் நோயாளி கேட்டாலோ, தடைக்காலத்திலும் பறிக்கலாம். ஆனால் அந்த வீட்டு ஆண் முன்கூட்டியே சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சபைக்குத் தலைவன் நான். என் தாத்தா அந்த வெள்ளை அத்தியை நட்ட நாள் முதல், எங்கள் வீட்டுப் பெயர் அபராதத்துக்காகச் சபையில் ஒருமுறையும் அழைக்கப்பட்டதில்லை. இந்த ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வீடு வேறு இல்லை. அப்படிப்பட்டவன் தோட்டத்தில் புகுந்து, தடைக்காலத்தில், அந்த மரத்திலேயே திருடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? பழம் போனது ஒரு பக்கம். என் முகத்தில் அல்லவா கை வைத்திருக்கிறார்கள்.

மரம் எல்லைச் சுவரை ஒட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்லியின் தோட்டம். எங்கள் இரு வீட்டுக்கும் மூன்று தலைமுறையாகப் பேச்சு உண்டு, போக்குவரத்து இல்லை. அவன் தகப்பன் காலத்தில் அவர்கள் ஆடுகள் யாருடைய ஆலிவ் கன்றுகளையோ மேய்ந்து, சபையில் பெயர் அழைக்கப்பட்டது. அதை ஊர் மறந்தாலும் நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சபை கூடியபோது, நான் எழுந்து நின்று சொன்னேன். திருட்டு நடக்கிறது. திருடன் சுவர் தாண்டி வருகிறான். பிடிபடுகிறவன் வழக்கம்போல ஊருக்கு ஒரு ஆடு கொடுத்தால் மட்டும் போதாது. சதுக்கத்தில் அவன் வீட்டுப் பெயரை உரக்கக் கூவ வேண்டும். தடை திறக்கும் நாளில் மற்ற எல்லோரும் முதல் பறிப்பை முடித்த பிறகுதான் அவன் வீட்டார் மரத்தருகே போக வேண்டும். யாரும் மறுக்கவில்லை. பள்ளி ஆசிரியர் மொக்ரான், சபையில் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவர், தலையை ஆட்டினார்.

அக்லி மட்டும் தூணில் சாய்ந்தபடியே கேட்டான்.

"சுவர் தாண்டின்னு சொன்னியே மெசியான், எந்தச் சுவர்? வடக்கயா, தெற்கயா?"

"உனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? உன் மரம்தான் என் பக்கம் எட்டிப் பாக்குது. நான் எட்டிப் பாக்கல."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அப்படின்னா வா. நாளைக்கு விடியல்ல என் தோட்டத்துல வந்து என் பக்கத்துல உக்காரு. சாட்சி வேற குடும்பத்து ஆளா இருக்கணும்னுதானே விதி? உன் வீட்டு ஆளை உன் கண்ணாலயே பாத்துக்க."

அக்லி தூணை விட்டு நிமிர்ந்தான்.

"வர்றேன். ஆனா ரொட்டி நான் கொண்டாறேன். உன் வீட்டு ரொட்டி காஞ்சு போயிருக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வறுத்த மிளகாயும் தக்காளியும் சேர்த்து நசுக்கி, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வாற்கோதுமை ரொட்டியோடு வைத்திருந்தார்கள். மருமகள் கெனிமா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என் மகன் ராபா கடற்கரை நகரத்தில் லாரி ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வருவான். விளக்கு வெளிச்சத்தில் அவள் வாயின் இரண்டு ஓரமும் சிவந்து வெடித்திருந்தது தெரிந்தது.

"வாய்க்கு என்னம்மா?"

"மிளகா வறுத்தேன் மாமா. கையோட தொடச்சிட்டேன்."

என் மனைவி ஃபெத்தா, "உனக்கு வெக்கை ஆகாது, போய்ப் படு" என்று அவளை உள்ளே அனுப்பினாள். நான் திருடனைப் பற்றியே நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். விடியலில் சபை வேலையாக வெளியே போவதாக மட்டும் ஃபெத்தாவிடம் சொன்னேன். சபைக் காரியங்களை வீட்டில் பேசுவது என் வழக்கம் அல்ல.

இருட்டு பிரிவதற்குள் நானும் அக்லியும் சோள வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவன் ஒரு கம்பளியும், துணியில் சுற்றிய ரொட்டியும் கொண்டுவந்திருந்தான். சூடு இன்னும் ஆறவில்லை. எனக்கு நீட்டினான். வேண்டாம் என்றேன்.

"திருடன் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் குளிர்ல போய்ட்டா, சாட்சி சொல்றது யாரு?"

"வாயை மூடிட்டு உக்காரு."

"மூடினா எப்படிச் சாப்பிடறது?"

கீழே ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஜுர்ஜுரா மலையின் உச்சிப் பாறைகள் வெளுக்க ஆரம்பித்தபோது வேலிப்படல் திறந்தது.

வந்தது ஃபெத்தா.

எனக்கு எரிச்சலாக வந்தது. தினமும் காய் பறிக்க வருகிறவள்தான். ஆனால் இன்று கொஞ்சம் தாமதமாக வந்திருக்கக் கூடாதா? இவளைப் பார்த்தால் திருடன் திரும்பிப் போய்விடுவான். எழுந்து போய்ச் சொல்லலாம் என்றால் அக்லி முன்னால் மனைவியை அதட்ட மனம் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் பறிப்பதை அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளரிக்கு அவள் குனிந்து தேடுவதில்லை. இலைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, பருமன் பார்த்து, பிஞ்சை விட்டுவிட்டு முற்றியதைத் திருகி எடுக்கிறாள். பூ வாடாத இளஞ்சுரைக்காயைச் சிறு கத்தியால் அறுக்கிறாள். மிளகாய்க் கிளை சட்டென்று ஒடியும் என்பதால் ஒரு கையால் கிளையைப் பிடித்து மறுகையால் காயை மேல்நோக்கி ஒடிக்கிறாள். தக்காளியைப் பெருவிரலால் காம்பின் முட்டியில் அழுத்தினால் அதுவே கையில் விழுகிறது. அழுகியவை எல்லாம் கோழிக்கென்று தனியே. பக்கத்தில் அக்லி பார்த்துக்கொண்டிருக்கிறானே, பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சுவரின் மூலையில் காய்ந்த சோளத்தட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஏணியை இழுத்தாள். எங்கள் ஏணி. ஆலிவ் காலம் முடிந்ததும் கொட்டகையில் நான் தொங்கவிட்டது. அதை வெள்ளை அத்தியில் சாய்த்து, பாவாடை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏறினாள்.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதே சரி. கண் பார்த்ததை உள்ளே எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்தது. மரத்தில் ஏதோ பூச்சி பார்க்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். காய்ந்த கிளையை ஒடிக்கப் போகிறாள் என்று மறுகணம் நினைத்தேன். அவள் ஒரு பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மென்மையாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, பறித்து, முன்றானையில் போட்டாள். பிறகு இன்னொன்று.

என் முழங்கையின்மேல் அக்லியின் கை விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஊரையே வாயால் உழுகிறவன் அவன். அவனே பேசாமல் இருந்ததுதான் என்னை எழுப்பியது.

நான் எழுந்து நின்றேன். சோளத்தட்டை சரசரத்தது. ஃபெத்தா திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை, பதறவில்லை. நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள், ஏணியின் மேலிருந்தே சொன்னாள்:

"ஏணியைப் பிடிங்க. ஆடுது."

நான் போய்ப் பிடித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு விளங்கவில்லை. சபைத் தலைவன், சாட்சி பார்த்துக்கொண்டிருக்க, திருட்டுக்கு ஏணி பிடித்து நின்றேன்.

பாதி இறங்கியபோதுதான் அவள் அக்லியைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி, பழங்களைக் கூடையின் அடியில் வைத்து, கீரை இலையால் மூடி, மேலே தக்காளிகளை அடுக்கினாள். எத்தனையோ முறை செய்த கைப்பழக்கம். கூடையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவே நடந்து போய்விட்டாள்.

அக்லி தொண்டையைச் செருமினான்.

"எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல மெசியான். மூட்டம் வேற. யாரோ வந்தாங்க, காய் பறிச்சாங்க, போனாங்க. அவ்வளவுதான்."

"மூட்டமே இல்லை."

"உனக்கு இல்ல. எனக்கு இருந்துச்சு."

"உன் தயவுல என் வீடு நிக்க வேண்டியதில்ல அக்லி. பாத்ததை வெள்ளிக்கிழமை வந்து சொல்லு."

அவன் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "திமிருக்குக் குறைச்சல் இல்ல" என்றான். ரொட்டியில் பாதியை என் கையில் திணித்துவிட்டுச் சுவர் ஏறிக் குதித்துப் போனான். இந்த வயதில் அவன் சுவர் ஏறிக் குதிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்று காலை எனக்கு அதிர்ச்சி எதுவும் மிச்சம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடை சமையல் அறைத் தரையில் இருந்தது. ஃபெத்தா தக்காளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"தடை போட்ட வாரத்துல இருந்து."

"என் வீட்டுல. என் மரத்துல. நான் சபையில நின்னு ஆட்டோட சேத்து சதுக்கத்துல பேரையும் கூவணும்னு சொல்றேன். நீ இங்க தக்காளிக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்க. பசியா உனக்கு? நான் சோறு போடலையா?"

"சத்தம் போடாதீங்க. அவ தூங்கறா."

"யாரு தூங்கறா?"

ஃபெத்தா துணியைக் கீழே வைத்தாள். "உங்க மருமக. நாலு மாசம்."

முந்தைய இரவு அவள் தட்டை வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த வாய்ப் புண். மிளகாய் என்று சொன்னாளே, அத்திக் காம்பின் பால் பட்டால்தான் வாய் அப்படி வெடிக்கும். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் பார்த்த உடனே சொல்லிவிடும். நான் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன்.

"நாலு மாசம்," என்றேன். "எனக்குத் தெரியாது."

"உங்ககிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. முதல் தடவை சொன்னோம். சபையில எழுந்து நின்னு சொன்னீங்க. மறுவாரம் ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் முட்டை தூக்கிட்டு வந்து அவ வயித்தைத் தடவிட்டுப் போனாங்க. அது தங்கல. ரெண்டாவது தடவையும் சொன்னீங்க. அதுவும் தங்கல. ரெண்டு தடவையும் வந்தவங்க முகத்தை அவதான் பாக்க வேண்டியிருந்துச்சு. நீங்க பாக்கல."

"கண் திருஷ்டியை நான் நம்பறதில்ல."

"அவ நம்பறா. நானும் நம்பறேன். ராபா போன்ல என்ன சொன்னான் தெரியுமா? அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்மான்னான்."

என் மகன். என் பெயரைச் சுமப்பவன். அந்த வாக்கியம் ஏணியைவிடப் பெரிதாக என் மேல் சரிந்தது.

"வேற எதுவும் உள்ள தங்கல அவளுக்கு," என்றாள் ஃபெத்தா. "கூஸ்கூஸ் வேகற வாசம் பட்டாலே வாந்தி. தக்காளி ஆகல. வெள்ளரி ஆகல. அந்த மரத்துப் பழம் மட்டும்தான் இறங்குது. நான் என்ன செய்யட்டும்?"

"சட்டமே விலக்கு குடுத்திருக்கே ஃபெத்தா. சபையில ஒரு வார்த்தை சொன்னா போதும். நீ திருடியே இல்ல. என் பேரும் கெடல."

"சொல்லுங்க," என்றாள். "மூணாவது தடவையும் சொல்லுங்க."

அறை வாசலில் கெனிமா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலைத்துணி ஒருபக்கம் நழுவியிருந்தது.

"மாமா, நீங்க சொல்லிடுங்க. என்னால இந்த வீட்டுப் பேரு போக வேணாம். நான் தாங்கிக்கறேன்."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. முடிவெடுத்துவிட்டுப் பேசுகிறாள் என்பது தெரிந்தது. ஃபெத்தா அவளுக்கென்று தட்டில் வைத்திருந்த பழங்கள் அப்படியே இருந்தன. கெனிமா அவற்றின் பக்கம் திரும்பக்கூட இல்லை. இனி தொடமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக மூன்று பேரும், இன்னும் முகம் தெரியாத நாலாவதும், காத்திருந்தோம்.

தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"சாப்பிடு. காம்பைக் கிள்ளிப் போட்டுட்டுச் சாப்பிடு. பால் பட்டுத்தான் வாய் புண்ணாகுது."

வெள்ளிக்கிழமை வரை நான் யாரோடும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? ஒரு பக்கம் தாத்தா விட்டுப்போன பெயர். அதில் ஒரு கறைகூட இல்லை. இன்னொரு பக்கம் அந்தப் பெண் நம்பும் ஒன்று. அதை நான் நம்புகிறேனா இல்லையா என்பது கேள்வியே அல்ல. சபையில் நான் உண்மையைச் சொல்லி, பிறகு மூன்றாவதும் தங்காமல் போனால், அவள் என் முகத்தைப் பார்த்து "மாமா, தண்ணி வேணுமா" என்று கேட்பாளே, அப்போது அந்தக் கறையில்லாத பெயரை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

சபை கூடியதும், அக்லி வாய் திறக்கும் முன் நான் எழுந்தேன். வழக்கமாக உட்காரும் நடுக் கல்லில் உட்காரவில்லை என்பதை ஏற்கெனவே எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

"தடைக்காலத்துல அத்தி பறிச்ச வீடு தெரிஞ்சுபோச்சு," என்றேன். "என் வீடு. பறிச்சது நான்."

எதிரில் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன ஒருவர் அப்படியே நிறுத்தினார். யாரோ, "என்ன சொல்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மொக்ரான் எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"பெரியவரே, விளையாட்டா?"

"நான் சபையில என்னிக்கு விளையாடியிருக்கேன்?"

"வீட்டுல யாருக்காவது உடம்பு…"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குப் பறிச்சீங்க?"

"சாப்பிடணும்னு தோணுச்சு. பறிச்சேன்."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை என் காதே ஏற்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. எல்லோரும் திகைத்துப்போயிருந்தார்கள். பள்ளிவாசல் மினாரே விழுந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மொக்ரான் அக்லியின் பக்கம் திரும்பினார்.

"சாட்சி நீங்க. என்ன பாத்தீங்க?"

அக்லி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் ஃபெத்தா பெயரைச் சொன்னால், என் வீட்டுப் பெண்ணின் பெயர் ஆண்கள் நடுவில் திருடியாக உருளும். அவன் தகப்பன் பெயரை நான் எத்தனை முறை ஆடுகளோடு சேர்த்துப் பேசியிருக்கிறேன் என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும்.

"பாத்தேன்," என்றான் அக்லி. "அவருதான். ஏணி வச்சு ஏறினாரு. இந்த வயசுல ஏறும்போது ரெண்டு முழங்காலும் கழுதைக்குட்டி மாதிரி ஆடுச்சு. விழுந்திருவாரோன்னு நானே போய்ப் பிடிக்கலாம்னு பாத்தேன். இறங்கும்போது பாவாடை… பர்னூஸ் அங்கி கிளையில மாட்டிக்கிச்சு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. என் வாழ்நாளில் என்னைப் பார்த்து அந்தச் சபை சிரித்ததில்லை. நான் நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டேன். என் மனைவி பெயர் எங்கும் வரவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஆடு கொடுத்தேன். மந்தையில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். ஊர் முழுக்கப் பங்கிட்டார்கள். நானே வகுத்த தண்டனைப்படி சதுக்கத்தில் எங்கள் வீட்டுப் பெயரைக் கூவினார்கள். கூவியவன் குரல் பாதியில் உடைந்தது. "முழுசாச் சொல்லு" என்று நான்தான் சொன்னேன். தலைமையை விட்டு விலகினேன்; அந்த நடுக் கல்லில் மொக்ரான் உட்கார்ந்தார். அதன்பின் ஃபெத்தா ஏணியில் ஏறவில்லை, ஏற வேண்டியும் இருக்கவில்லை; தடை அடுத்த வாரமே திறந்தது. எல்லோரும் முதல் பறிப்பை முடித்துக் கூடைகளோடு எங்கள் வாசலைக் கடந்து போன பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் நாங்கள் போனோம். நான் ஏணியில் கால் வைத்தேன். முழங்கால் ஆடத்தான் செய்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பாத்து ஏறு தலைவரே, பர்னூஸ் மாட்டிக்கப் போகுது" என்று ஒரு குரல் வந்தது. நான் அடுத்த படியில் கால் வைத்தேன்.

பனிக்காலத்தில், மலைப்பாதை மூடிக் கிடந்த ஒரு வாரத்தில், கெனிமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராபா கீழ்ச் சாலையில் லாரியை நிறுத்திவிட்டு, முழங்கால் அளவு பனியில் நடந்து மேலே வந்தான். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஃபெத்தாவே வந்து சொன்னாள்: "இப்பப் போய்ச் சொல்லுங்க."

சபையில் சொன்னேன். எல்லோரும் வாழ்த்தினார்கள். மொக்ரான் வாழ்த்திக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பெருவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கணக்கு வாத்தியார். பக்கத்தில் இருந்தவரும் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"அப்ப அந்த அத்தி…" என்றார் மொக்ரான்.

கோடையில் சிரித்தவர்கள் ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. ஒருவர் மட்டும் மெல்ல, "அந்த ஆட்டை நாங்க தின்னுட்டமே" என்றார்.

"அந்த அபராதத்தை நீக்கிடலாம் பெரியவரே. சதுக்கத்துல சொல்லிடலாம். விலக்குதானே அது," என்றார் மொக்ரான்.

"வேண்டாம்," என்றேன். "சட்டம் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சு. நான் குடுக்கல. அபராதம் சரி. அது எங்க வீட்டுப் பேர்லயே இருக்கட்டும்."

வெளியே வந்தபோது அக்லி பின்னால் வந்தான். பர்னூஸின் தலைமூடிக்குள் கையை விட்டு, நூலில் கோத்த உலர்ந்த அத்திமாலை ஒன்றை எடுத்தான்.

"பெத்தவளுக்குக் குடு. இதுக்குத் தடை கிடையாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எப்பன்னா?" அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஏழு பொண்ணைப் பெத்தவன்டா நான். தக்காளிக்கு அடியில அத்தி யாருக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா? அந்த சோளத்துக்குப் பின்னால உக்காந்திருந்தப்பவே தெரியும்."

என் தோட்டத்தில் அன்று காலை மூன்று பேர் இருந்தோம். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

மாலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டிலிருந்து ஒரு பொருள் எங்கள் வாசல் தாண்டி வந்தது அதுவே முதல்முறை. ஃபெத்தா அதை விளக்கருகே தூக்கிப் பார்த்தாள். ஒரு பழத்தைப் பிட்டு, தோலைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தை விழித்துவிடப் போகிறதே என்று சிரிப்பை அடக்கினாள், முடியவில்லை.

"என்ன?" என்றேன்.

"வெள்ளை அத்தி இந்த ஊர்ல யாருகிட்ட இருக்கு?"

எங்களிடம் மட்டும்தான். சுவர் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் கிளை எனக்கு நினைவுக்கு வந்தது. தலைப்பாகையை எடுத்துக்கொண்டு, அக்லியின் பெயரைச் சொல்லச் சபைக்குத் திரும்ப எழுந்தேன். கெனிமா உள்ளிருந்து, "மாமா, எனக்கு ரெண்டு பழம் குடுங்க" என்றாள்.

உட்கார்ந்து, காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கொடுத்தேன்.